புயல் மாதங்களில் மின்சார மண்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி அடிக்கடி காதில் விழுகிறது. செய்தி வந்த மாலையிலேயே நம் அம்மாபேட்டைக் கடைகளில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் டார்ச் செல்லும் வேகமாகப் போகின்றன. பிறகு புயல் கடலூரிலோ வேதாரண்யத்திலோ கரையைக் கடக்கிறது. நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இரண்டு நாள் மூட்டமும் தூறலும்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணைச் சரித்து, திருமணிமுத்தாற்றில் வெள்ளத்தையும் கொண்டு வந்தது. அப்படிப்பட்ட ஆண்டுகள் குறைவு. ஆகவே புயல் என்றால் கடலோர ஊர்க்காரர்களின் கவலை என்று நாம் இருந்துவிடுகிறோம்.

கரண்ட் பில்லைப் பொறுத்தவரை அப்படி இருக்க முடியாது. நாகப்பட்டினம் பக்கம் விழுந்த கம்பத்தின் விலையிலும், எண்ணூரில் கரை சேராமல் நின்ற நிலக்கரிக் கப்பலின் செலவிலும் சேலத்து மளிகைக் கடைக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு எந்த வழியாக வருகிறது, எத்தனை காலம் கழித்து வருகிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். மின்சாரக் கணக்கு கடினமான சொற்களில் எழுதப்படுவதால் வியாபாரிகள் அதன் பக்கம் போவதில்லை. நமக்குக் கொள்முதலும் விற்பனையும் நன்றாகத் தெரியும். மின்சாரத்தையும் ஒரு சரக்காகவே எடுத்துக்கொண்டால் விஷயம் எளிதில் பிடிபடும்.

ஒரு சொல் விளக்கம். பழைய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பரில் கம்பெனிகளாகப் பிரிந்தது. 2024-இல் உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று என மறுபடியும் பிரிந்தது. கடைவீதியில் நமக்கு இன்னமும் எல்லாமே வாரியம்தான். இங்கும் அப்படியே சொல்வோம்.

குடோன் இல்லாத சரக்கு

துவரம் பருப்புக்கு வரத்து குறைந்தால் குடோனில் இருக்கும் மூட்டையை அவிழ்க்கிறோம். வரத்து அதிகமானால் அடுக்கி வைக்கிறோம். மின்சாரத்துக்கு அந்த வசதி மிகக் குறைவு. கோவை மாவட்டம் ஆனைமலையில் உள்ள காடம்பாறை நிலையத்தில், மின்சாரம் மிஞ்சிய நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அதன் அளவு 400 மெகாவாட். தமிழ்நாட்டின் உச்சக் கிராக்கியோ 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பெரிய மண்டிக்கு ஒரு மூலையில் சின்ன அலமாரி இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரிக் கிடங்குகள் இப்போதுதான் வரத் தொடங்கியுள்ளன.

ஆகவே ஒவ்வொரு நொடியும் எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவே உற்பத்தியாக வேண்டும். தராசின் முள் நடுவில் நிற்பது போல, மின் கட்டமைப்பின் அதிர்வெண் நொடிக்கு 50 சுற்று என்ற அளவில் நிற்க வேண்டும். 49.90-க்குக் கீழேயோ 50.05-க்கு மேலேயோ போகக் கூடாது என்பது நம் நாட்டில் உள்ள விதி. உற்பத்தி குறைந்தால் முள் இறங்கும், கிராக்கி திடீரென்று குறைந்தால் முள் ஏறும். இரண்டுமே ஆபத்து. புயலின் போது முதலில் வருவது இரண்டாவது ஆபத்துதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

எந்த மூட்டையை முதலில் எடுப்பது

வாரியம் தன் தேவையில் பெரும்பகுதியைப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குகிறது. சொந்த அனல் நிலையங்கள், நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம், மத்திய அரசின் நிலையங்கள், தனியார் நிலையங்கள் எல்லாம் இதில் சேரும். இந்த ஒப்பந்தத்தில் இரண்டு வகைப் பணம் உண்டு. ஒன்று நிலைக் கட்டணம்: குடோன் வாடகை மாதிரி, சரக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். மற்றொன்று எரிபொருள் செலவு: எடுத்த யூனிட்டுக்கு மட்டும்.

காற்று, சூரியன், அணு ஆகிய மூன்றையும் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற நிலையங்களை எரிபொருள் செலவு குறைந்தது முதல் கூடியது வரை வரிசைப்படுத்தி, மலிவானதை முன்னால் ஓட்டுகிறார்கள். சுரங்கத்து வாயிலேயே உள்ள நிலையம் வரிசையில் முன்னால் நிற்கும். நிலக்கரியை ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி இறக்கிக் கொண்டு வரும் நிலையம் பின்னால் நிற்கும். வெளிநாட்டு நிலக்கரி அதற்கும் பின்னால். நாம் கொள்முதல் செய்யும் முறையும் இதுதானே!

இதற்கு மேலும் குறை இருந்தால் தினசரி மண்டிக்குப் போக வேண்டும். 2008 முதல் நம் நாட்டில் மின்சாரத்துக்கும் ஏல மண்டி நடக்கிறது. ஒரு நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக 96 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக விலை விழுகிறது. இந்த ஏலத்தில் ஒரு விசேஷம். பேச்சுக்குச் சொன்னால், ஒருவர் 3 ரூபாய்க்கும் ஒருவர் 4 ரூபாய்க்கும் கடைசி ஆள் 8 ரூபாய்க்கும் விற்க முன்வந்து, மூவர் சரக்கும் தேவைப்பட்டால், மூவருக்குமே 8 ரூபாய்தான் கிடைக்கும். கடைசியாக ஏறிய மூட்டையின் விலையே அந்தத் துண்டில் வாங்கிய எல்லா மூட்டைக்கும் விலை. ஆதலால் கடைசியில் ஒரு சிறு பற்றாக்குறை வந்தாலும் விலை தாவுகிறது. 2021 அக்டோபரில் நாடு முழுக்க நிலக்கரி தட்டுப்பட்ட போது சில துண்டுகளில் யூனிட் 20 ரூபாய் வரை போனது. பிறகு மத்திய ஒழுங்குமுறை ஆணையம் உச்ச விலையை 2022 ஏப்ரலில் 12 ரூபாய் என்றும், 2023 ஏப்ரலில் 10 ரூபாய் என்றும் கட்டிப்போட்டது.

புயல் மாதங்களில் வரிசை மாறும் விதம்

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். வாரியத்துக்கு அந்தக் காற்றுதான் மலிவுச் சரக்கு. தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் பாயும் மே முதல் செப்டம்பர் வரையில், நல்ல நாட்களில் காற்றாலைகள் ஐயாயிரம் மெகாவாட்டுக்கு மேல் தருகின்றன. ஐப்பசி வந்ததும் காற்றின் திசை மாறிவிடுகிறது. பல நாட்களில் சில நூறு மெகாவாட்டோடு நின்றுவிடுகிறது. இந்த ஒரு குறையை நிரப்ப மேட்டூரில் உள்ள 210 மெகாவாட் இயந்திரம் போல இருபதுக்கு மேல் வேண்டும் என்றால் அளவு புரியும்.

புயலில்தான் பலத்த காற்று வீசுகிறதே, அப்போது காற்றாலை சுற்றாதா என்று கேட்கலாம். சுற்றாது. மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இறக்கைகள் தாமாகவே காற்றுக்கு முகம் திருப்பி நின்றுவிடும்படிதான் இயந்திரத்தை அமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் முறிந்துவிடும். மேலும் புயல் அடிப்பது பெரும்பாலும் வடக்கு, டெல்டாக் கடற்கரையில். காற்றாலைகள் நிற்பது தென்கோடியிலும் உடுமலை, பல்லடம் பக்கமும்.

சூரிய மின்சாரம் இப்போது காற்றாலைக்கு நிகராக வளர்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து இருபதாயிரம் மெகாவாட் நிறுவு திறனைத் தாண்டிவிட்டன. ஆனால் புயல் மேகம் ஒரு மாவட்டத்தோடு நிற்பதில்லை. இரண்டு மூன்று நாள் மாநிலத்தின் பெரும்பகுதியை மூடிவிடுகிறது. ஆக, காற்றும் இல்லை, வெயிலும் இல்லை.

தண்ணீர் கை கொடுக்கும் என்று நினைப்போம். மழைக் காலம் அல்லவா! இங்கேதான் நம் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்று இருக்கிறது. மேட்டூரில் அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட். அதற்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய கதவணைகளில் தலா 30 மெகாவாட். (நெரிஞ்சிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருப்பது நம் பெயரையே கொண்ட காவிரிக்கரை அம்மாபேட்டை. அந்த ஊர்க் கடிதம் இங்கும், நம் கடிதம் அங்கும் போவது பழைய கதை.) இந்த நிலையங்கள் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில் ஓடுபவை. டெல்டாவில் புயல் மழை கொட்டினால் அங்கே வயலுக்குத் தண்ணீர் வேண்டாம், வடிந்தால் போதும் என்ற நிலை. உடனே மேட்டூரில் திறப்பை ஆயிரக்கணக்கான கன அடியிலிருந்து சில நூறு கன அடிக்குக் குறைக்கிறார்கள். மழை பெய்யப் பெய்ய மேட்டூர் நீர் மின்சாரம் குறைவது இதனால்தான். அணை 120 அடி நிறைந்து உபரி போகும் ஆண்டுகள் மட்டும் விதிவிலக்கு. நீலகிரி அணைகளில் சேரும் தண்ணீர் வீணாவதில்லை, ஆனால் அதைக் கோடைக்கும் மாலை நேரத்துக்கும் பார்த்துப் பார்த்துச் செலவிடுகிறார்கள்.

கடைசியில் சுமை முழுவதும் நிலக்கரியின் தலையில் விழுகிறது. அந்த நிலக்கரியோ கடல் வழியாக வருகிறது. ஒடிசா மாநிலத் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் கொண்டு போய், கப்பலில் ஏற்றி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறக்கி, மறுபடியும் ரயிலில் ஏற்றினால்தான் மேட்டூர் அனல் நிலையத்துக்கு வந்து சேரும். மேட்டூரில் 1987 முதல் 1990 வரை ஓடத் தொடங்கிய 840 மெகாவாட்டும், 2013-இல் சேர்ந்த 600 மெகாவாட்டும் முழுதாக ஓடினால் நாளுக்குச் சுமார் இருபதாயிரம் டன் வேண்டும். ஒரு சரக்கு ரயில் 3,500 முதல் 4,000 டன் வரை கொண்டு வரும். அதாவது நாளுக்கு ஐந்து ரயில்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைப் பாதுகாப்புக்காக ஆழ்கடலுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். இறக்கும் வேலை நிற்கும். புயல் போன பிறகும் கப்பல்கள் வரிசையில்தான் வர வேண்டும். நடுவே பாரதீப் பக்கமும் கடல் கொந்தளித்தால் அங்கும் தாமதம். வந்து சேர்ந்த நிலக்கரியும் நனைந்து கனத்து வரும். ஈரக் கரி ஓடு பட்டையில் ஒட்டும், அரவையில் அடைக்கும், எரியும் போது ஈரத்தை உலர்த்தவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். ஈரப் பாக்கை உலர் பாக்கின் எடைக்கு வாங்கியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெய்வேலியில் சுரங்க வாயிலேயே நிலையம் இருப்பதால் கப்பல் கவலை இல்லை. அங்கே வேறு தொல்லை. அது திறந்தவெளிச் சுரங்கம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்பதால் இரவு பகலாகப் பம்பு ஓட வேண்டும். மேலிருந்தும் மழை கொட்டினால் வெட்டும் வேலை நின்றுவிடும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. கடலூர் மாவட்டம் புயலின் வழியிலேயே இருப்பதால் 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயலும் அந்தப் பக்கத்தைத்தான் தாக்கியது.

அன்றைய விலை இறங்குகிறது

இவ்வளவு வரத்துக் குறைந்தால் புயல் நாளில் மின்சார விலை ஏற வேண்டுமே! மற்ற இடங்களில் ஏறுகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரி நடுவில் கடும் பனிப்புயல் வீசிய போது நடந்ததைப் பாருங்கள். குளிருக்கு வீடுகளைச் சூடாக்கக் கிராக்கி உச்சத்துக்குப் போனது. அதே நேரத்தில் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்து போயின. காற்றாலை இறக்கைகளில் பனி உறைந்தது, நிலக்கரி, அணு நிலையங்கள் சிலவும் நின்றன. வாயுவைத் தள்ளும் இயந்திரங்களுக்கே கரண்ட் நின்று வாயு இன்னும் குறைந்தது. மொத்த விலை யூனிட்டுக்கு 9 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 650 ரூபாய். அதுதான் அன்றைக்கு அங்கே இருந்த உச்ச வரம்பு. நான்கு நாளைப் போல அங்கேயே நின்றது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருளில் கிடந்தன. மலிவாக இருக்கிறதே என்று மொத்த விலைக்கே மின்சாரம் வாங்கும் திட்டத்தில் சேர்ந்திருந்த குடும்பங்களுக்குச் சில நாள் கரண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது.

நம் புயல் அந்த வகை இல்லை. இங்கே புயல் மழை வந்தால் கிராக்கியும் விழுகிறது. விசிறியும் ஏ.சி.யும் நிற்கின்றன. மாநிலத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயப் பம்பு செட்டுகள் உள்ளன. மழை பெய்தால் அவற்றுக்கு வேலை இல்லை. ஆலைகளில் ஆள் வருவதில்லை. அறுந்த கம்பியில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வாரியமே கடலோரத்தில் முன்கூட்டி மின்சாரத்தை நிறுத்துகிறது. 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகளில் அப்படித்தான் செய்தார்கள். வரத்தைவிட வேகமாகக் கிராக்கி விழுவதால் அன்றைய ஏலத்தில் வாரியம் வாங்க வேண்டியது குறைகிறது. தராசின் முள் மேலே ஏறாமல் இருக்க அனல் நிலையங்களின் ஓட்டத்தைக் குறைக்கிறார்கள்.

இதைக் கேட்டு வாரியத்துக்கு லாப நாள் என்று நினைத்துவிடக் கூடாது. மழையில் கடைவீதி வெறிச்சோடினால் நமக்கு லாபமா? கொள்முதல் மிச்சம்தான், ஆனால் விற்பனை இல்லை, வாடகையும் சம்பளமும் நிற்பதில்லை. வாரியத்தின் நிலையும் அதுவே. ஒப்பந்த நிலையங்களுக்கு நிலைக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. யூனிட் விற்கவில்லை. அனல் நிலையத்தைச் சுமார் பாதித் திறனுக்குக் கீழே இறக்கினால் அடுப்பு அணையாமல் இருக்க விலை கூடிய எண்ணெயை ஊற்ற வேண்டும். முழுதாக நிறுத்தினால் மறுபடி சூடேற்றி ஓட்ட அரை நாள் ஆகும், அதற்கும் எண்ணெய். ஆக, மண்டி விலை மலிவாகத் தெரியும் அந்த நாளே நஷ்டம் பிறக்கும் நாள்.

விலையில் உண்மையான நெருக்கடி வருவது அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில்தான். வெயில் அடிக்கிறது, ஆலைகள் திறக்கின்றன, கிராக்கி எழுந்து நிற்கிறது. காற்று வரவில்லை. கப்பல் இன்னும் வரிசையில் நிற்கிறது, களத்தில் கிடப்பது ஈரக் கரி. மாலை 6 மணிக்குச் சூரிய மின்சாரம் போய்விடுகிறது. அந்த மாலைத் துண்டுகளில்தான் மண்டிக்குப் போய்க் கேட்ட விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

பாதை அடைபட்டால் நேரும் கதி

நம் வாசகர்களில் 2012-ஐ மறந்தவர் இருக்க மாட்டார்கள். 2008 நவம்பரில் பெரிய ஆலைகளுக்குத் தொடங்கிய மின் கட்டுப்பாடு படிப்படியாகப் பெருகி, 2012 அக்டோபர், நவம்பரில் சென்னைக்கு வெளியே நாளுக்கு 12 முதல் 16 மணி நேர வெட்டாக முற்றியது. அக்டோபர் 31-இல் மாமல்லபுரம் அருகே நீலம் புயல் கரையைக் கடந்ததும் அதே பருவத்தில்தான். புயல் அதற்குக் காரணம் இல்லை. காற்றுப் பருவம் முடிந்துவிட்டது. கூடங்குளமும் மேட்டூரின் 600 மெகாவாட்டும் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று: வடக்கே மின்சாரம் இருந்தும் தெற்கே கொண்டு வரப் போதிய கம்பித்தடம் இல்லை. ஒரே ஏலத்தில் வடக்கே ஒரு விலை, தெற்கே அதைவிடக் கூடிய ஒரு விலை விழுந்தது. பாலம் உடைந்த நாளில் லாரி வராமல் ஒரே மூட்டைக்கு ஆற்றின் இரு கரையிலும் இரண்டு விலை நிற்பது போல. டெக்சாஸும் பக்கத்து மாநிலங்களோடு மெல்லிய இணைப்பே வைத்துக்கொண்ட தனிக் கட்டமைப்பு என்பதால்தான் அவ்வளவு அடிபட்டது.

நமக்கு அந்தக் கதவு 2013 டிசம்பர் 31-இல் திறந்தது. ராய்ச்சூர் - சோலாப்பூர் தடம் வழியாகத் தென்னகக் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒன்றானது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டு வரும் நேர்மின் தடம் 2021-இல் முழுமையாயிற்று. மின் கட்டுப்பாடு 2015 ஜூனில் முற்றிலும் விலகியது. இன்றைக்குப் புயல் வந்தால் வரத்துக் குறைவு இருளாக நம்மிடம் வருவது குறைந்து, விலையாக வருகிறது. இருளைவிட விலை மேல் என்றே எங்களுக்குப் படுகிறது. காரணம் சொல்கிறோம். அம்மாபேட்டை நெசவு ஊர். விசைத்தறியில் ஓடிய அளவுக்குத்தான் கூலி. 2012-இல் தறி நின்ற மணிக்கெல்லாம் கூலி நின்றது, கூலி நின்றதும் மளிகைக் கடைக் கடன் நோட்டு தடித்தது. அந்த ஆண்டு எழுதிய கடனில் வராக்கடன் எவ்வளவு என்று பழைய நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரியும்.

பில்லில் வந்து சேரும் வழி

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின் கம்பங்களைச் சாய்த்தது. துணை மின்நிலையங்களும் மின்மாற்றிகளும் சேதமாயின. மாநிலத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் போய்ச் சேற்றில் நின்று வாரக்கணக்கில் வேலை செய்தார்கள். அவர்கள் பட்ட பாட்டுக்கு நாம் கும்பிட வேண்டும். அந்த நாட்களில் உள்ளூரில் ஒரு ஃபியூஸ் போனாலும் ஆள் வரத் தாமதமாகும் என்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கம்பச் செலவில் ஒரு பகுதியை அரசு நிவாரணம் ஏற்கிறது. மீதியும், விற்காமல் போன யூனிட்டும், மாலை மண்டியில் கூட்டி வாங்கிய விலையும் வாரியத்தின் கணக்கில் ஏறுகின்றன. வாரியத்தின் திரண்ட நஷ்டம் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது இப்படிப் பல சிற்றாறுகள் சேர்ந்துதான். அது நம்மிடம் அடுத்த மாதமே வருவதில்லை. கட்டண விகிதம் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவால் நிற்கிறது. 2022 செப்டம்பர் உத்தரவின்படி ஆண்டுதோறும் ஜூலை 1-இல், விலைவாசி உயர்வு அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு ஏற்றலாம். டெக்சாஸில் கூட அந்த நான்கு நாள் செலவைக் கடன் பத்திரமாக மாற்றிப் பல ஆண்டுத் தவணையாக மக்களின் பில்லில்தான் வைத்தார்கள். வீடுகளுக்கும் தறிக்கும் இலவச யூனிட் உண்டு, உயர்வைச் சில முறை அரசே ஏற்கவும் செய்கிறது. விசைத்தறிக்கு 2023-இல் இரு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவசம் ஆக்கினார்கள். ஐந்தாம் எண் விகிதத்தில் உள்ள நம் கடைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. உயர்வு முதலில் வந்து நிற்பது நம் கல்லாவில்தான்.

கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

பில்லில் யூனிட் கட்டணம் தவிர, அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்குக் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணம் இருப்பதைப் பாருங்கள். கடை திறந்தாலும் மூடினாலும் அது உண்டு. முன்பு மாவு அரைக்கும் இயந்திரம் வைத்திருந்து பிறகு எடுத்துவிட்ட கடைகள், மின்பளுவைக் குறைத்துக்கொள்ள விண்ணப்பிக்காமல் ஆண்டுக்கணக்கில் கட்டி வருவதைப் பல இடத்தில் காண்கிறோம். குறைக்கும் முன் ஏ.சி., ஃப்ரீசர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அளவு மீறினால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். சிறிய ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட்டைப் போலத்தான் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் யூனிட் 30 ரூபாய். ஐஸ்கிரீமும் பாலும் வைத்துள்ள ஃப்ரீசருக்கு அது தகும். கடை முழுக்க விளக்கெரிக்கத் தகாது. நிறைந்து இருக்கும் ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் நெடுநேரம் குளிர் தாங்கும், பாதி காலியாக இருப்பது சீக்கிரம் இளகும். ஆகவே புயல் செய்தி வந்ததும் இரண்டு ஃப்ரீசர் சரக்கை ஒன்றில் சேர்த்து அடுக்குவது நல்லது. கரண்ட் திரும்பி வந்த முதல் சில நிமிடம் அழுத்தம் ஏறி இறங்கும். எலக்ட்ரானிக் தராசு, பில் இயந்திரம், ஃப்ரீசர் ஆகியவற்றின் பிளக்கைப் பிடுங்கி வைத்துச் சற்றுப் பொறுத்து மாட்டுங்கள்.

சேகோ, ஜவுளி, முட்டை ஆகிய தொழில்களில் உள்ளவர்களுக்குக் கடன் கொடுக்கும் மொத்த வியாபாரிகள், புயல் நாளைக் காட்டிலும் அதன் பின் வரும் இரண்டு வாரத்தைக் கவனிப்பது நலம். அவர்களுக்கு டீசல் செலவு கூடுவதும், நம் பாக்கி தள்ளிப்போவதும் அப்போதுதான்.

சங்கத்தின் அளவில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு மீதான கருத்துக் கேட்புக் கூட்டம் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் நடந்தது. சேலத்தில் நடக்கவில்லை. அந்த உத்தரவின் காலம் 2026-27 வரை. அடுத்த விண்ணப்பம் வரும் போது எழுத்து மூலமாக மூன்று கேள்விகளை வைக்கலாம். புயல் சேதத்தில் நிவாரண நிதியாக வந்தது எவ்வளவு, கட்டணத்தில் ஏற்றியது எவ்வளவு? ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-ஆம் தேதி மேட்டூர்க் களத்தில் எத்தனை நாளுக்கு நிலக்கரி இருப்பு இருந்தது? புயலுக்குப் பிந்திய வாரங்களில் மாலை நேரத்துக்கு மண்டியில் வாங்கிய யூனிட் எத்தனை, என்ன விலை? அக்டோபரில் இருப்பைச் சரி பார்க்காத மண்டிக்காரர் தீபாவளிக்கு எந்த விலைக்கு வாங்குவார் என்பது ஆணையத்தின் முன் நாம் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய விஷயம். கூட்டத்தைச் சேலத்திலும் ஒரு நாள் நடத்த வேண்டும் என்ற கோரிக்கையையும் அதோடு சேர்த்துவிடலாம்.